கல்லா சரியாக இருக்கிறது, சரக்கு எங்கே போனது?

கேள்வி: தஞ்சாவூர் பக்கம் ஒரு சிறு நகரத்தில் அப்பா காலத்திலிருந்து ஜவுளிக்கடை நடத்துகிறேன். கீழ்த்தளமும் மாடியும், 24 ஆட்கள், ஒரு நாளைக்கு 80, 90 பில். வருஷ விற்பனை 5 கோடியை ஒட்டி வரும். மனைவியின் தம்பிதான் மேனேஜர். கொரோனா சமயத்தில் ஆட்களைக் குறைத்தபோது பில், கேஷ், பேக்கிங் மூன்றையும் ஒரே கவுன்ட்டராக்கினோம். கேஷியர் 14 வருஷமாக இருக்கிறார். ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை. கல்லா ஒரு ரூபாய் பிசகியதில்லை. ஆனால் மார்ச் 31 அன்று சரக்கு எண்ணியபோது, கணக்குப்படி இருக்க வேண்டியதைவிடக் கொள்முதல் விலையில் 9,40,000 ரூபாய்க்குக் குறைந்தது. யுபிஐ கணக்கிலும் 3,12,000 ரூபாய் வரவேண்டியதாக நிற்கிறது. 'பேங்க்கில் லேட்டாகும்' என்கிறார் கணக்கு எழுதுபவர். எனக்கு மச்சான் மேல்தான் சந்தேகம். வீட்டில் பேச முடியவில்லை. இன்னும் நாலு கேமரா போடலாம் என்கிறான் மகன். என்ன செய்யலாம்? (வீட்டுச் செலவுக்கு அவ்வப்போது கல்லாவில் எடுத்துக்கொள்வேன். அது பெரிய தொகை இல்லை.)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை மச்சானைப் பற்றிய கடிதமாகத் தெரிந்தது. இரண்டாம் தடவை அடைப்புக்குறிக்குள் போட்ட அந்தக் கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கல்லா. 'ஒரு ரூபாய் பிசகியதில்லை' என்று கேஷியருக்கு நற்சான்றிதழ் போல எழுதியிருக்கிறீர்கள். கல்லா டேலி ஆவதால் தெரிவது ஒன்றே ஒன்றுதான்: கம்ப்யூட்டரில் ரொக்கம் என்று பதிவாகியிருக்கும் தொகையும் டிராயரில் இருக்கும் பணமும் ஒன்று. பில்லே போடாமல் போன புடவையைப் பற்றி அதற்குத் தெரியாது. போட்டுவிட்டுப் பிறகு அழித்த பில்லைப் பற்றியும் தெரியாது.

இன்னொன்று. 80, 90 பில் போடும் இடத்தில் சில்லறை இல்லாமல் இரண்டு ரூபாய் விட்டுக்கொடுப்பது இருக்கும், கூட்டத்தில் ஒரு பத்து ரூபாய்த் தாள் ஒட்டிக்கொண்டு கூடப் போவது இருக்கும். ஒரு நாள் 20 கூடும், ஒரு நாள் 10 குறையும். மனிதர் உட்காரும் கல்லா அப்படித்தான் இருக்கும். வருஷம் முழுக்க ஒரு ரூபாய் வித்தியாசம் இல்லை என்றால் யாரோ சரிக்கட்டுகிறார்கள் என்று அர்த்தம். திருடுகிறார்கள் என்று சொல்லவில்லை, சரிக்கட்டுகிறார்கள்.

அது எப்படி நடக்கிறது என்று ஒரு பாத்திரக்கடையில் நேரில் பார்த்தேன். இரவு ஒன்பதேகால். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. மேனேஜர் திரையைப் பார்த்து 'ரொக்கம் நாற்பத்தெட்டு அறுநூறு' என்று உரக்கச் சொன்னார். அதற்கு அப்புறம்தான் கேஷியர் எண்ணவே ஆரம்பித்தார். 48,600 வந்ததும் ரப்பர் பேண்ட் போட்டார். டிராயரின் மூலையில் நாலைந்து தாள்கள் மடித்தபடி கிடந்தன. 'அது என்னங்க?' என்றேன். 'சில்லறைக்கு வெச்சிருக்கேன் சார், நாளைக்குக் கொறஞ்சா போட்டுக்குவேன்' என்றார். கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். அவரைப் பொறுத்தவரை அது பொறுப்பு.

உங்கள் கடையில் இன்று இரவே இதைத் திருப்பிப் போடலாம், செலவில்லை. கேஷியர் முதலில் எண்ணட்டும். 500 எத்தனை, 200 எத்தனை, 100 எத்தனை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உங்களிடம் தரட்டும். அப்புறம் நீங்கள் கம்ப்யூட்டர் தொகையைப் பாருங்கள். கூடினாலும் குறைந்தாலும் அப்படியே எழுதுங்கள், கூடுதலுக்கும் ஒரு கணக்குத் தலைப்பு வேண்டும். ஐம்பது ரூபாய் குறைந்ததற்குச் சம்பளத்தில் பிடிக்காதீர்கள். பிடித்தால் மறுநாளிலிருந்து மறுபடி ஒரு ரூபாய் பிசகாது.

இப்போது அந்தக் கடைசி வரி. நீங்கள் அவ்வப்போது கல்லாவில் கை வைத்து எடுக்கிறீர்கள். சீட்டு எழுதுவதாகக் கடிதத்தில் இல்லை. அப்படியானால் அன்றைக்கு ராத்திரி கல்லா குறைய வேண்டும் அல்லவா? ஆனால் ஒரு ரூபாய் பிசகவில்லை என்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க வேண்டுமானால், நீங்கள் எடுத்த தொகையை ஈடுகட்ட உங்கள் கேஷியரிடம் ஏதோ ஒரு வழி இருக்கிறது. முதலாளி எடுத்தது என்று தனியாக ஒரு நோட்டுப் போட்டு வைத்திருந்து, அதைக் கணக்கு எழுதுபவரிடம் கொடுக்கிறார் என்றால் நல்லது, அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் இரண்டு ரொக்கப் பில்லை கேன்சல் செய்து தொகையைச் சமன் செய்திருப்பார். பில் கேன்சல் ஆனதும் கம்ப்யூட்டரில் அந்தப் புடவை மறுபடி ரேக்குக்கு வந்துவிடும். நிஜப் புடவை எப்போதோ வாடிக்கையாளரோடு பஸ் ஏறிவிட்டது. மார்ச் 31 அன்று எண்ணினால் ஒரு புடவை குறையும்.

அந்த 9,40,000 ரூபாயில் எவ்வளவு இப்படிப் போனது என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல மாட்டேன். ஆனால் வழி அதுதான் என்றால், கல்லாவைச் சரிக்கட்டக் கற்றுக்கொடுத்தது நீங்கள்தான். உங்களுக்காகச் செய்யப் பழகிய கை தனக்காகச் செய்ய அதிக நாள் ஆகாது.

யுபிஐ பாக்கிக்கு வருவோம். நான் உங்கள் கடையில் இருந்தால் முதலில் இதைத்தான் எடுப்பேன், ஏனென்றால் இதற்கு பேங்க் என்ற வெளிச் சாட்சி இருக்கிறது. யுபிஐ பணம் அன்றே வரும், இல்லாவிட்டால் அடுத்த வேலை நாள் வரும். உங்கள் ஒரு நாள் விற்பனை ஒன்றரை லட்சத்துக்குள். அதில் பாதி யுபிஐ என்று வைத்துக்கொண்டால், மார்ச் 31 இரவு 70, 75 ஆயிரம் வரவேண்டியதாக நிற்கலாம். மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரத்தைப் பார்த்து 'பேங்க்கில் லேட்' என்று சொல்லக் கூடாது. அதில் இரண்டேகால் லட்சத்துக்குமேல் வரவே வராத பணம்.

எப்படி? ஒருவர் 4,850 ரூபாய்க்குப் பட்டுப்புடவை எடுத்து ரொக்கமாகக் கொடுக்கிறார். கேஷியர் பில்லில் 'யுபிஐ' என்று அழுத்துகிறார். பில் சரி, வரி சரி, சரக்கும் கழிந்துவிட்டது. வாடிக்கையாளர் பில்லில் அந்த ஓரத்தைப் பார்ப்பதில்லை. இரவு கம்ப்யூட்டர் ரொக்கம் 61,200 என்கிறது, டிராயரில் இருப்பது 66,050. 4,850 எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் கல்லா டேலி. யுபிஐ கணக்கில் மட்டும் 4,850 வரவேண்டியதாக நிற்கும். அதை யாரும் பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு ஒத்துப் பார்ப்பதில்லை. வருஷக் கடைசியில் மொத்தமாகக் குவிந்த பிறகு லேட் என்று பெயர் வைக்கிறோம்.

இதற்கு வேறு காரணங்களும் உண்டு, அவற்றையும் கழித்துப் பார்க்க வேண்டும். ஸ்வைப் மிஷினில் வந்த கார்டு பணத்தை யுபிஐ என்று குத்தியிருக்கலாம். கார்டு பணத்தில் கமிஷன் பிடித்துக்கொண்டு மீதிதான் வரும். முழுத் தொகையை விற்பனையாக எழுதி, கமிஷனைச் செலவாக எழுத வேண்டும். பலர் எழுதுவதில்லை, அந்த வித்தியாசம் நிலுவையாகச் சேர்ந்துகொண்டே போகும். கூட்ட நேரத்தில் 'பணம் போயிடுச்சுங்க' என்று போலி ஸ்கிரீனைக் காட்டிப் போனவர்களும் இருப்பார்கள். கவுன்ட்டரில் ஒட்டியிருக்கும் கியூஆர் யாருடையது என்பதையும் பாருங்கள். உங்கள் போனிலிருந்து ஒரு ரூபாய் அனுப்பி, திரையில் என்ன பெயர் வருகிறது என்று படியுங்கள். சிரிக்காதீர்கள், மாடியில் ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு ஒட்டியிருப்பீர்கள், இரண்டையும் பாருங்கள்.

மார்ச் மாதத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் பில்லிங் சாஃப்ட்வேர் சொல்லும் யுபிஐ மொத்தம் ஒரு பத்தி, கார்டு மொத்தம் ஒரு பத்தி, பேங்க்கில் வந்தது ஒரு பத்தி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் முடிந்துவிடும். வித்தியாசம் எல்லா நாளும் சில்லறையாக இருந்தால் கமிஷன். குறிப்பிட்ட சில நாள்களில் மட்டும் 3,000, 5,000 என்று முழு பில் தொகையாகக் குதித்தால் அது கமிஷன் இல்லை.

கவனித்தீர்களா, இந்த வழியில் போகும் பணம் சரக்கைக் குறைக்காது. பில் போட்டாகிவிட்டது, சரக்கு முறையாகக் கழிந்துவிட்டது. ஆகவே உங்கள் 3,12,000 ஒரு வியாதி, 9,40,000 வேறு வியாதி. ஒரே ஆள் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தள்ளுபடியில் நடக்கும் கோளாறு இந்த இரண்டிலும் தெரியாது. ஆடித் தள்ளுபடி சமயத்தில் முழு விலைக்குப் பணம் வாங்கிவிட்டு, பிறகு பில்லைத் திறந்து பத்து சதவீதம் கழித்தால் லாப விகிதம் மட்டும் குறையும். போன ஆடியையும் அதற்கு முந்தைய ஆடியையும் ஒப்பிட்டுப் பாருங்கள், போதும்.

சரக்குக் குறைவுக்கு நாலு வாசல். பில் போடாமல் வெளியே போனது, போட்ட பில்லை கேன்சல் செய்தது, பொய்யாக ரிட்டர்ன் போட்டது, உள்ளே வரும்போதே குறைவாக வந்தது. ஐந்தாவதாக ஒன்று உண்டு, அதை எந்த முதலாளியும் எழுதுவதில்லை: வீட்டு விசேஷத்துக்கு, சம்பந்தி வீட்டுக்கு, கோயிலுக்கு என்று பில் போடாமல் எடுத்துப் போனது. வருஷத்துக்கு இருபது நல்ல புடவை என்று வையுங்கள், எவ்வளவு ஆகிறது?

கேன்சலும் ரிட்டர்னும் கம்ப்யூட்டரில் தடம் விடும். சாஃப்ட்வேர்காரரிடம் கேன்சல் ஆன பில், திருத்திய பில், ஹோல்ட் போட்டு (பாதியில் நிறுத்திவைத்து) அழித்த பில் மூன்றையும் பில் நம்பர், நேரம், யாருடைய லாகின் என்பதோடு கேளுங்கள். மச்சானிடம் கேட்கச் சொல்லாதீர்கள், நீங்களே கேளுங்கள். ஜிஎஸ்டி சட்டப்படி பில் எண்கள் விடுபடாமல் வரிசையாக இருக்க வேண்டும். நடுவில் எண் காணாமல் போயிருந்தால் அது உங்கள் வீட்டுப் பிரச்சினையோடு நிற்காது. 'எஸ்டிமேட்' என்று ஒரு வெள்ளைச் சீட்டு அச்சாகும் வசதி இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் அதை எடுத்துவிடுங்கள். பில்லில்லாமல் விற்றது பிடிபட்டால், ஏய்த்த வரிக்குச் சமமான தொகையோ 10,000 ரூபாயோ, எது அதிகமோ அது அபராதம். விற்றது கேஷியர் என்றாலும் கட்டுவது நீங்கள்.

ரிட்டர்ன் பட்டியலில் முப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மேல் போட்டவற்றை முதலில் எடுங்கள். அந்தத் துணி இப்போது ரேக்கில் இருக்கிறதா, அல்லது மறுபடி விற்றதற்குப் பில் இருக்கிறதா? பில்லில் இருக்கும் போன் நம்பருக்கு 'மாத்திக்கிட்ட புடவை நல்லா இருக்காம்மா?' என்று ஒரு பெண் ஊழியரை விசாரிக்கச் சொல்லுங்கள். 'நாங்க எதையும் மாத்தலையே' என்று இரண்டு பேர் சொன்னால் விஷயம் தெரிந்துவிடும்.

சரி, மேற்கொண்டு என்ன? கேமராவுக்கு வைத்திருக்கும் பணத்தை ஒரு ஆளின் சம்பளமாக்குங்கள். உங்கள் அப்பா காலத்தில் கடை எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். சேல்ஸ்மேன் துணியை பில் கவுன்ட்டருக்கு அனுப்புவார். பில்லை எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர் கேஷ் கவுன்ட்டருக்குப் போவார், பணம் கட்டினால் சீல் விழும். அந்தச் சீலைப் பார்த்த பிறகுதான் டெலிவரி கவுன்ட்டரில் பார்சல் கையில் வரும், அங்கே இன்னொரு சீல். பில் போடுபவர் பணத்தைத் தொட மாட்டார், பணம் வாங்குபவர் துணியைத் தொட மாட்டார், துணி கொடுப்பவர் இரண்டையும் ஒத்துப் பார்ப்பார். ஆடிட்டர்கள் பரீட்சைக்குப் படிக்கும் பணிப் பிரிப்பு என்பதை நம் ஊர் ஜவுளிக்கடைக்காரர்கள் ஒரு ரப்பர் ஸ்டாம்ப்பிலும் ஒரு மேசையிலும் முடித்துவைத்திருந்தார்கள். கொரோனாவில் நீங்கள் குறைத்தது இரண்டு சம்பளம் மட்டும் இல்லை.

பில் என்பதே வாடிக்கையாளருக்குச் செய்யும் மரியாதையாகப் பிறந்ததில்லை. கல்லா மிஷினை முதலில் செய்தவர் அமெரிக்காவில் டேட்டன் என்ற ஊரில் மதுக்கடை நடத்திய ஜேம்ஸ் ரிட்டி. வேலையாட்கள் பணத்தைப் பையில் போட்டுக்கொள்வதைத் தாங்க முடியாமல் 1879இல் காப்புரிமை வாங்கினார். தொகையைக் காட்டும் முகப்பு, மணி, காகிதச் சுருள் எல்லாம் அந்த ஆரம்ப வருஷங்களில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை. மணி அடித்தால் உள்ளே இருக்கும் முதலாளிக்குக் கேட்கும். உங்கள் கடையில் பில்லை வாங்காமல் போகிறவரை ஊழியர் கூப்பிட்டுக் கொடுக்கிறாரா, இல்லை குப்பைக்கூடையில் போடுகிறாரா? ஒரு சாயங்காலம் வாசலில் நின்று பாருங்கள்.

மூன்று கவுன்ட்டருக்கு ஆள் கட்டாது என்றால் இரண்டு கவுன்ட்டராவது வைத்துக்கொள்ளுங்கள். பில்லும் கேஷும் ஒருவரிடம் இருக்கட்டும். டெலிவரி மட்டும் வேறு ஆளிடம், வேறு மேசையில், பில்லை ஸ்கேன் செய்து உருப்படியை எண்ணிச் சீல் போட்டுக் கொடுக்கட்டும். கேன்சல், ரிட்டர்ன், தள்ளுபடி மூன்றுக்கும் பாஸ்வேர்ட் கேஷியரிடம் இருக்கக் கூடாது. மச்சானிடம் இருக்கலாம், ஆனால் அவரே சரக்கு இறக்கி எண்ணுபவராகவும் இருக்கக் கூடாது. கொள்முதல் பேல் (துணிக்கட்டு) பிரிக்கும்போது மாடி சூப்பர்வைசர் எண்ணட்டும். திருத்தங்களைப் பதிவு செய்து வைக்கும் எடிட் லாக் வசதி 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளுக்குக் கட்டாயம். உங்களுடையது கம்பெனி இல்லை என்றாலும் அதை ஆன் செய்யச் சொல்லுங்கள்.

கேஷியருக்கு ஒரு வாரம் லீவு கொடுங்கள், சம்பளத்தோடு. குலதெய்வம் கோயிலுக்குப் போய்வரச் சொல்லுங்கள். 14 வருஷம் ஒரு நாள் லீவு போடாததை விசுவாசம் என்று நீங்கள் படிக்கிறீர்கள். நான் படிக்கும் விதம் வேறு, ஆனால் அது தப்பாக இருக்கட்டும் என்றுதான் ஆசைப்படுகிறேன். அந்த வாரம் வேறு ஆள் உட்காரட்டும். யுபிஐ வித்தியாசம் நிற்கிறதா, கேன்சல் குறைகிறதா என்று பாருங்கள்.

ஸ்கூல் யூனிஃபார்ம் போன்ற கடன் வியாபாரம் உங்களுக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தால், வசூலிக்கப் போகிறவரைத் தவிர வேறொருவர் மூலம் நிலுவையை எழுதிக் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கெடு முடிவதற்குள் அவர்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால், பாக்கிக்கு வழக்குப் போடும் மூன்று வருஷக் கெடுவும் அங்கிருந்து புதிதாக ஓடும். முகூர்த்த ஜவுளியில் ஒன்று: ஒரே கல்யாணத்துக்கு ஒருவரிடம் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. மூன்று பில்லாகப் பிரித்தாலும் நிகழ்ச்சி ஒன்றுதான். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம், அதுவும் வாங்கிய உங்களுக்கு.

குறைந்த 9,40,000ஐக் கணக்கிலிருந்து எழுதித் தள்ளும்முன் உங்கள் ஆடிட்டரிடம் பேசுங்கள். காணாமல் போன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (கொள்முதலில் கொடுத்து, பிறகு கழித்துக்கொண்ட ஜிஎஸ்டியை) திருப்பிக் கட்ட வேண்டும். எல்லாம் 5 சதவீத இனம் என்றால்கூட 47,000 ரூபாய். 'வருஷாவருஷம் ஆடிட் செய்கிறாரே, அவர் கண்டுபிடிக்கவில்லையா' என்று அவர்மேல் பாயாதீர்கள். வரித் தணிக்கையில் தேடுவது வேறு. நான் செய்திருந்தாலும் இது கண்ணில் பட்டிருக்குமா என்பது சந்தேகம்தான்.

மச்சான் விஷயம். இப்போதைய அமைப்பில் அவர் எடுத்தார் என்று உங்களால் நிரூபிக்க முடியாது. அவர் எடுக்கவில்லை என்று அவராலும் நிரூபிக்க முடியாது. பாஸ்வேர்டும் லாக்கர் சாவியும் பேல் கணக்கும் ஒருவரிடமே இருந்தால் நேர்மையானவரும் இப்படித்தான் மாட்டிக்கொள்வார். மேலே சொன்ன பட்டியல்கள் கைக்கு வரும்வரை வீட்டில் ஒரு வார்த்தை பேசாதீர்கள். வந்த பிறகு பேசுவதானாலும் 'நீ' என்று ஆரம்பிக்காமல் 'கேன்சல் 212 பில் இருக்கு, வா பார்க்கலாம்' என்று காகிதத்திலிருந்து ஆரம்பியுங்கள் (212 என் கற்பனை, உங்கள் எண் வேறாக இருக்கும்). புது விதிகளை ஊழியர்களுக்குச் சொல்லும் நாளில் அவர் உங்கள் பக்கத்தில் நிற்க வேண்டும். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்று காட்ட வேறு வழி இல்லை. அன்றைக்கே ஒரு வவுச்சர் புத்தகம் வாங்கிக் கல்லா மேல் வையுங்கள். முதல் சீட்டு உங்கள் பெயரில் வரட்டும், வீட்டுச் செலவு என்றே எழுதுங்கள். அவருடைய அக்கா, அதாவது உங்கள் மனைவி, புடவை எடுத்தாலும் பில், கொள்முதல் விலையில் போட்டாலும் பரவாயில்லை.

தீபாவளிவரை காத்திருக்காதீர்கள். ஆடிக்கு முன்னால் ஒரு தடவை எண்ணிவிடுங்கள். முழுக்கடையும் வேண்டாம், பட்டு ரேக்கும் ரெடிமேட் பேண்ட் ரேக்கும் போதும். ஒருவர் எண்ண, இன்னொரு செக்‌ஷன்காரர் எழுதட்டும், கணக்கு எண்ணிக்கையை இருவருக்கும் முன்கூட்டிக் காட்டாதீர்கள். ஆடிச் சரக்கு வந்து இறங்கிவிட்டால், எது ஏப்ரலில் குறைந்தது, எது நேற்றுக் குறைந்தது என்று பிரிக்க முடியாது.